பெயர் நீக்கம்: கோப்பழித்தலின் வரலாறு குறித்துச் சில சிந்தனைகள்

கணினியில் ஒரு கோப்பை அழிக்கிறோம் என்று சொல்லும்போது உண்மையில் எதை அழிக்கிறோம்? இலக்கிய ஈடுபாடு உடையவர்கள் இதைத் தொழில்நுட்பர்களின் கேள்வி என்று ஒதுக்கிவிட வேண்டியதில்லை. இன்று எழுதப்படுபவை பெரும்பாலும் கோப்புகளாகவே பிறக்கின்றன, கோப்புகளாகவே மறைகின்றன. எனவே கோப்பு எவ்வாறு மறைகிறது என்பதை அறிவது, நம் காலத்து எழுத்து எவ்வாறு மறைகிறது என்பதை அறிவதும் ஆகும்.

இன்று பைத்தான் மொழியில் மூன்று வரி எழுதத் தெரிந்த ஒரு மாணவர், ஒரு நூலகத்தின் அளவுள்ள கோப்புகளைச் சில நொடிகளில் இல்லாமல் ஆக்கிவிடலாம். இந்த வல்லமை ஒரே நாளில் வந்ததன்று. இதற்கு அரை நூற்றாண்டு வரலாறு உண்டு. அழிப்பவனின் கை எந்த இடத்தில் சற்றே தயங்கி நிற்க வேண்டும் என்ற கேள்வி அந்த வரலாறு நெடுகிலும் ஓடிக்கொண்டிருக்கிறது. அந்தத் தயக்கத்தின் இடம் காலந்தோறும் மாறிவந்ததைப் பின்தொடர்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

இணைப்பறுத்தல்

அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் உருவான யூனிக்ஸ் இயங்குதளத்தின் முதற் கையேடு 1971ஆம் ஆண்டு நவம்பர் 3ஆம் தேதியிட்டது. கென் தாம்சன், டென்னிஸ் ரிட்சி ஆகிய இருவர் பெயரையும் தாங்கியது. கோப்பை அகற்றுவதற்கான 'ஆர்எம்' என்னும் கட்டளை அக்கையேட்டிலேயே இடம்பெற்றுவிட்டது. 'ரிமூவ்' என்ற சொல்லின் சுருக்கம் அது. அந்தக் கட்டளைக்கு உள்ளே நின்று உண்மையில் வேலை செய்யும் அழைப்புக்கு அவர்கள் இட்ட பெயர்தான் நம் கவனத்துக்குரியது: 'அன்லிங்க்'. தமிழில் இணைப்பறுத்தல் எனலாம்.

அழித்தல் என்று பெயரிடாமல் இணைப்பறுத்தல் என்று பெயரிட்டது ஏன்? யூனிக்ஸின் அமைப்பே அதற்கு விடை. அங்கே ஒரு கோப்பின் உள்ளடக்கம் வேறு, பெயர் வேறு. உள்ளடக்கம் வட்டில் எங்கோ கிடக்கிறது. அது எவ்வளவு பெரியது, யாருக்கு உரியது, எந்தெந்தக் கட்டங்களில் பரந்துள்ளது என்ற விவரங்களைத் தாங்கிய சிறு பதிவு ஒன்று உண்டு. அதற்கு 'ஐநோடு' என்று பெயர். ஐநோடுக்கு எண் உண்டே தவிரப் பெயர் கிடையாது. பெயர்கள் இருப்பது அடைவில். அடைவு என்பது 'இந்தப் பெயருக்கு இந்த எண்' என்று வரிசையாக எழுதிவைத்த ஒரு பட்டியல்; அகராதியைப் போன்றது. ஒரே எண்ணுக்கு இரண்டு மூன்று பெயர்களும் இருக்கலாம். அவற்றுள் எது மூலப் பெயர், எது மாற்றுப் பெயர் என்ற பேதம் கிடையாது; எல்லாப் பெயர்களும் சமம்.

ஆகவே யூனிக்ஸில் கோப்பை 'அழிக்கும்' ஒருவர் செய்வதெல்லாம் அடைவுப் பட்டியலிலிருந்து ஒரு பெயரை அடிப்பதுதான். அப்போது அந்த ஐநோடு தன்னைச் சுட்டும் பெயர்களின் எண்ணிக்கையில் ஒன்றைக் குறைத்துக்கொள்கிறது. எண்ணிக்கை சுழியமாகி, அந்தக் கோப்பைத் திறந்துவைத்திருக்கும் நிரல் எதுவும் இல்லாத நிலையில்தான், அது இருந்த இடம் காலியிடமாக அறிவிக்கப்படுகிறது. அறிவிப்பு மட்டுமே, எழுத்துகள் அங்கேயே கிடக்கும், வேறொன்று வந்து அவற்றின்மேல் எழுதப்படும்வரை. கடைசி வாசகர் மூடிவைக்கும்வரை பெயரற்ற ஒரு நூல் உயிரோடு இருக்கும் என்பது யூனிக்ஸின் விதி. பெயரை நீக்கிய பின்னும் திறந்திருக்கும் கோப்பில் தொடர்ந்து எழுதலாம், படிக்கலாம். விண்டோஸில் நிலைமை வேறு. ஒரு நிரல் பயன்படுத்திக்கொண்டிருக்கும் கோப்பை அழிக்க முயன்றால், பெரும்பாலும் மறுப்பே விடையாகக் கிடைக்கும்.

அடைவுகளை அகற்றுவதற்கு யூனிக்ஸ் தனி நெறி வைத்திருந்தது. 'ஆர்எம்டிர்' என்னும் கட்டளை காலியான அடைவை மட்டுமே அகற்றும். உள்ளே ஒரு கோப்பு இருந்தாலும் மறுத்துவிடும். வீட்டில் ஆள் இருக்கும்போது கூரையைப் பிரிக்காதே என்ற எளிய அறம் அது. இந்த வேலைக்கான அழைப்பு இயங்குதளத்தின் உட்கருவிலேயே இடம்பெற்றது 1983இல் வெளிவந்த பெர்க்லி யூனிக்ஸ் 4.2 பதிப்பில்தான். அதுவரை தனி உரிமை பெற்ற நிரல் ஒன்றே அதைச் செய்துவந்தது. ஆனால் இந்த அறத்துக்கு ஒரு குறுக்குவழியும் தோன்றிவிட்டது. 'ஆர்எம்' கட்டளையோடு ஓர் எழுத்தைச் சேர்த்தால் உள்ளடங்கிய அடைவுகள் அனைத்திலும் புகுந்து அழிக்கும். இன்னோர் எழுத்தைச் சேர்த்தால் கேள்வி கேட்காமல் அழிக்கும். இரண்டெழுத்தில் தயக்கம் முழுவதும் நீங்கிவிட்டது. மூல அடைவையே அழிக்கச் சொன்னாலும் அக்கட்டளை பணிந்துபோனது. சன் நிறுவனத்தின் சோலாரிஸ் 10 இயங்குதளம் 2005இல்தான் அத்தகைய கட்டளையை ஏற்க மறுத்தது. குனூ கருவித் தொகுப்பு 2006இல் அதே மறுப்பை இயல்பு நிலையாக்கியது. 1971இலிருந்து கணக்கிட்டால், இந்த ஒரு 'மாட்டேன்' வருவதற்கு 34 ஆண்டுகள் ஆயின.

முதலெழுத்தை இழந்த பெயர்கள்

வீட்டுக் கணினிகளின் உலகம் வேறு வழியில் இதே இடத்துக்கு வந்து சேர்ந்தது. ஐபிஎம் கணினிகளில் ஓடிய எம்எஸ்-டாஸ் இயங்குதளத்தில் ஒரு கோப்பை அழித்தால், அடைவில் உள்ள அதன் பெயரின் முதலெழுத்து மட்டும் ஒரு குறியால் மாற்றப்படும். பதினாறடிமான எண்முறையில் 'ஈ5' என்று எழுதப்படும் மதிப்பு அது. முந்தைய சிபி/எம் இயங்குதளத்திலிருந்து வந்த மரபு. அந்தக் குறியைக் கண்டதும் இது செத்த பதிவு என்று இயங்குதளம் கடந்துபோகும். பெயரின் எஞ்சிய எழுத்துகள், கோப்பின் அளவு, அது தொடங்கும் இடம் யாவும் அப்படியே இருக்கும்.

பீட்டர் நார்ட்டன் என்ற நிரலாளர் தற்செயலாக ஒரு கோப்பை அழித்துவிட்டு, இழந்ததை மறுபடி தட்டச்சுச் செய்வதற்குப் பதிலாக அதை வட்டிலிருந்து மீட்க ஒரு நிரல் எழுதினார் என்பது கணினி வரலாற்றில் பலமுறை சொல்லப்பட்ட கதை. 1982இல் வெளிவந்த நார்ட்டன் யுட்டிலிட்டீஸ் தொகுப்பின் பெரும்புகழ் அந்த மீட்புக் கருவியால் வந்தது. 1991இல் வந்த எம்எஸ்-டாஸ் 5.0 பதிப்பில் இயங்குதளமே மீட்புக் கட்டளையைத் தந்தது. அந்தக் கட்டளை பயனரிடம் கேட்கும் கேள்வி சுவையானது: பெயரின் முதலெழுத்து என்ன? எஞ்சியதெல்லாம் வட்டில் இருக்கிறது. முதலெழுத்தை மட்டும் மனிதன் நினைவிலிருந்து தர வேண்டும். செல்லரித்த ஏட்டில் வரியின் முதற்சீரை ஊகித்து நிரப்பும் பதிப்பாசிரியரின் வேலையை, 1980களின் அலுவலக எழுத்தர்கள் திரைமுன் அமர்ந்து செய்துகொண்டிருந்தார்கள்.

இதே காலத்தில் தயக்கத்துக்கு ஒரு உருவம் கொடுத்தவர்கள் ஆப்பிள் நிறுவனத்தார். 1983இல் வந்த லிசா கணினியின் திரையில் ஒரு குப்பைக்கூடை இருந்தது. 1984இன் மெக்கின்டாஷிலும் இருந்தது. கோப்பை இழுத்துக் கூடையில் போட்டால் அது அழிவதில்லை, இடம் மாறுகிறது. கூடையைக் கொட்டினால்தான் அழிவு. தொடக்கக் கால மெக்கின்டாஷில் கூடை தானாகவே காலியாகிவிடும். 1991இன் சிஸ்டம் 7 பதிப்பிலிருந்து, பயனர் கொட்டும்வரை கூடை காத்திருந்தது. 1995 ஆகஸ்டில் வெளிவந்த விண்டோஸ் 95 'மறுசுழற்சித் தொட்டி' என்ற பெயரில் இதையே எடுத்துக்கொண்டது. அழித்தல் என்ற ஒரு செயல் இவ்வாறு இரண்டாகப் பிரிந்தது. முதலாவது விருப்பம்; இரண்டாவது முடிவு. இரண்டுக்கும் இடைப்பட்ட நாட்களில் மனிதன் மனம் மாறலாம். கணினி வரலாற்றின் மனிதநேயமிக்க கண்டுபிடிப்புகளுள் ஒன்றாக இந்தக் கூடையைக் கருதத் தோன்றுகிறது.

அழித்தவர்களும் நகல் நாடாக்களும்

அழித்தல் எளிதாயிற்று என்றதும் அதிகாரமும் அதைப் பயன்படுத்திப் பார்த்தது. 1986 நவம்பரில் அமெரிக்காவில் ஈரான்-கான்ட்ரா விவகாரம் வெடித்தபோது, தேசியப் பாதுகாப்புக் குழுவைச் சேர்ந்த ஆலிவர் நார்த்தும் ஜான் பாயின்டெக்ஸ்டரும் தங்கள் மின்னஞ்சல்களை ஆயிரக்கணக்கில் அழித்தனர். வெள்ளை மாளிகையில் அப்போது பயன்பட்டது ஐபிஎம் நிறுவனத்தின் 'ப்ராஃப்ஸ்' என்னும் அலுவலகச் செய்தி முறைமை. திரையிலிருந்து மறைந்தால் உலகிலிருந்தே மறைந்தது என்று அவர்கள் எண்ணியிருக்க வேண்டும். ஆனால் அம்முறைமையின் உள்ளடக்கம் நகல் நாடாக்களில் படியெடுக்கப்பட்டு வந்திருந்தது. விசாரணைக் குழுவினர் அந்த நாடாக்களிலிருந்து செய்திகளை மீட்டனர்.

அதன் தொடர்ச்சி இன்னும் முக்கியமானது. 1989 ஜனவரியில், ரீகன் ஆட்சி முடிவடையும் தறுவாயில், மின்னஞ்சல் பதிவுகள் அழிக்கப்படாமல் தடுக்க வழக்குத் தொடரப்பட்டது. பத்திரிகையாளர் ஸ்காட் ஆம்ஸ்ட்ராங்கும் தேசியப் பாதுகாப்பு ஆவணக் காப்பகம் என்ற தனியார் ஆய்வமைப்பும் அதில் முன்னின்றன. அரசின் மின்னஞ்சல்களும் காக்கப்பட வேண்டிய ஆவணங்களே; அவற்றைத் தாளில் அச்சிட்டு வைத்துக்கொண்டு மின்வடிவை அழித்துவிட முடியாது என்ற நிலையை மேல்முறையீட்டு நீதிமன்றம் 1993இல் உறுதிசெய்தது. ஒரு கோப்பை அழிக்கும் உரிமை அதை எழுதியவருக்கு மட்டும் உரியதன்று, அந்தக் கோப்பால் பாதிக்கப்படும் மக்களுக்கும் அதில் பங்குண்டு என்பதே அவ்வழக்கின் சாரம்.

பைத்தானின் மூன்று வினைச்சொற்கள்

இந்தப் பின்புலத்தில்தான் பைத்தான் மொழியைப் பார்க்க வேண்டும். நெதர்லாந்தின் ஆம்ஸ்டர்டாமில், சிடபிள்யூஐ என்னும் கணித, கணினி ஆய்வு நிறுவனத்தில் பணியாற்றிய கைடோ வான் ரோசம், 1989 டிசம்பர் விடுமுறையில் தொடங்கிய மொழி அது. 1991 பிப்ரவரியில் பொதுவெளிக்கு வந்தது. பெயர் பாம்பினால் வந்ததன்று. 'மான்டி பைத்தான்' என்ற பிரிட்டானிய நகைச்சுவைக் குழுவினால் வந்தது.

கோப்புகளையும் அடைவுகளையும் அகற்றுவதற்கு பைத்தானில் அடிப்படையாக மூன்று வினைச்சொற்கள் உள்ளன. முதலாவது, 'ஓஎஸ்' என்ற கூறில் உள்ள 'ரிமூவ்'. ஒரு கோப்பை அகற்றும். அடைவைக் கொடுத்தால் பிழை சொல்லும். இதே கூறில் 'அன்லிங்க்' என்ற பெயரிலும் ஒரு செயற்கூறு உண்டு. இரண்டும் ஒன்றே. 1971இன் சொல் மாறாமல் வந்து சேர்ந்திருக்கிறது. 2014இல் பைத்தான் 3.4 பதிப்பில் அறிமுகமான 'பாத்லிப்' என்ற புதிய கூறு, இரண்டு பெயர்களுள் 'அன்லிங்க்' என்பதையே தேர்ந்துகொண்டது. இரண்டாவது வினைச்சொல் 'ஆர்எம்டிர்'. காலியான அடைவை மட்டும் அகற்றும். பழைய அறம் இங்கும் காக்கப்படுகிறது. மூன்றாவது, 'ஷெல் யுட்டிலிட்டீஸ்' என்பதன் சுருக்கமான 'ஷ்யூட்டில்' என்ற கூறில் உள்ள 'ஆர்எம்ட்ரீ'. மரத்தை வேரோடு பெயர்த்தல் என்பது பெயரின் பொருள். ஓர் அடைவையும் அதனுள் அடங்கிய எல்லாவற்றையும் ஒரே அழைப்பில் அகற்றிவிடும்.

இந்த மூன்றாவது வினை செயல்படும் வரிசையைக் கவனிக்க வேண்டும். வேரோடு பெயர்த்தல் என்று பெயர் இருந்தாலும், வேலை இலையிலிருந்தே தொடங்குகிறது. காலியாகாத அடைவை அகற்ற முடியாது என்ற விதி இருப்பதால், முதலில் கடைக்கோடி அடைவுக்குள் புகுந்து அதன் கோப்புகளை ஒவ்வொன்றாக நீக்கி, காலியானபின் அந்த அடைவை நீக்கி, பின் அதன் மேலடைவுக்கு வர வேண்டும். பிள்ளைகள் முதலில், பெற்றோர் கடைசியில். 2003இல் பைத்தான் 2.3 பதிப்பில் வந்த 'ஓஎஸ்.வாக்' என்ற செயற்கூறு அடைவு மரத்தை மேலிருந்து கீழாகவும் கீழிருந்து மேலாகவும் சுற்றிவரக்கூடியது. அதன் ஆவணத்தில், கீழிருந்து மேலாகச் சுற்றி எல்லாவற்றையும் அழிக்கும் எடுத்துக்காட்டு ஒன்று உண்டு. அருகிலேயே எச்சரிக்கையும் உண்டு. மூல அடைவைக் கொடுத்தால் வட்டில் உள்ள அனைத்தும் போய்விடும் என்பது அதன் கருத்து.

வேறொரு நுட்பமும் உள்ளது. அடைவுகளுக்கு இடையே 'குறியீட்டு இணைப்பு' என்ற ஒன்று இருக்கலாம். வேறோர் இடத்தைச் சுட்டும் கைகாட்டி மரம் போன்றது. மரத்தைப் பெயர்க்கும் செயற்கூறு, வழியில் கைகாட்டியைக் கண்டால் அது சுட்டும் ஊருக்குப் போய் அழிக்கக் கூடாது. கைகாட்டியை மட்டும் பிடுங்கிவிட்டுத் திரும்ப வேண்டும். பைத்தான் அப்படித்தான் செய்கிறது. ஆனால் சோதிப்பதற்கும் அழிப்பதற்கும் இடைப்பட்ட நுண்பொழுதில் தீயோர் ஒருவர் அடைவை எடுத்துவிட்டு அந்த இடத்தில் கைகாட்டியை நட்டுவிட்டால்? 2012இல் வந்த 3.3 பதிப்பிலிருந்து, ஏற்ற வசதியுள்ள இயங்குதளங்களில் இந்த ஏமாற்றுக்கும் தடுப்பு உண்டு.

இல்லாதது ஒன்று உண்டு. குப்பைக்கூடை இல்லை. பைத்தானின் இந்த மூன்று வினைகளில் எதைப் பயன்படுத்தினாலும் கோப்பு மறுசுழற்சித் தொட்டிக்குப் போவதில்லை, நேரே போய்விடுகிறது. 'உறுதியாகவா?' என்ற கேள்வியும் வருவதில்லை. கூடையின் வடிவில் திரையில் இருந்த தயக்கம், நிரலில் எழுதுபவரின் பொறுப்பாகிவிட்டது. அவர் எழுதினால் உண்டு, எழுதாவிட்டால் இல்லை.

ஒரு வெற்றிடம், ஒரு வெற்றுச்சொல்

எழுதாதபோது நேர்ந்தவை பல. பிக்சார் நிறுவனம் 'டாய் ஸ்டோரி 2' படத்தை உருவாக்கிக்கொண்டிருந்த 1998இல், யாரோ ஒருவர் படத்தின் கோப்புகள் இருந்த இடத்தில் அனைத்தையும் அழிக்கும் கட்டளையை இட்டுவிட்டார். பார்த்துக்கொண்டிருந்தவர்களின் திரையில் பாத்திரங்கள் ஒவ்வொன்றாக மறைந்தன. ஏறத்தாழ 90 விழுக்காடு வேலை போயிற்று. நகல்கள் இருந்தன என்று நம்பியிருந்தார்கள். நகலெடுக்கும் முறைமையோ சரிவர வேலை செய்யாமல் இருந்திருக்கிறது. படத்தின் மேற்பார்வைத் தொழில்நுட்ப இயக்குநர் காலின் சுஸ்மன், குழந்தை பிறந்ததனால் வீட்டிலிருந்து வேலை செய்துவந்தார். அவர் வீட்டுக் கணினியில் ஒரு படி இருந்தது. அந்தக் கணினியைப் போர்வைகளில் சுற்றிக் காரின் பின்னிருக்கையில் வைத்துக் கொண்டுவந்து படத்தைக் காப்பாற்றினார்கள். எட் கேட்முல் தம் நூலில் இதை விரிவாகச் சொல்லியிருக்கிறார்.

2011இல் லினக்ஸுக்கான 'பம்பிள்பீ' என்ற தன்னார்வத் திட்டத்தின் நிறுவல் நிரலில் ஒரு பாதைப் பெயரின் நடுவே தேவையற்ற ஓர் இடைவெளி விழுந்துவிட்டது. ஒரு நீண்ட பாதை இரண்டு சொற்களாகப் பிரிந்தது. முதற்சொல், இயங்குதளத்தின் பெரும்பகுதி வாழும் 'யூஎஸ்ஆர்' அடைவு. நிரல் அதை முழுவதும் அழித்தது. சொல்லைப் பிரிக்கும் இடம் மாறினால் பொருள் மாறும் என்பதை நாம் சிலேடைப் பாடல்களில் கற்பிக்கிறோம். அங்கே அதைப் பயனர்கள் தங்கள் கணினிகளில் கற்றார்கள். 2015 ஜனவரியில் லினக்ஸுக்கான 'ஸ்டீம்' விளையாட்டு நிரலில் வேறு வகைப் பிழை வெளிப்பட்டது. பாதையைத் தாங்க வேண்டிய ஒரு மாறி சில சூழல்களில் வெறுமையாக இருந்தது. 'இந்த அடைவுக்குள் உள்ள எல்லாம்' என்ற தொடரில் 'இந்த அடைவு' என்பது வெற்றாகிப்போக, 'எல்லாம்' மட்டும் எஞ்சியது. எழுதியவருக்கே அந்த வரி அச்சம் தந்திருக்கிறது. அருகில் அவ்வாறு ஒரு குறிப்பும் எழுதிவைத்திருந்தார். அச்சத்தைக் குறிப்பாக எழுதியவர், அதைச் சோதனையாக எழுதவில்லை.

பைத்தான் இவ்விரு பிழைகளிலிருந்தும் ஓரளவே காக்கும். பாதை ஒரே சரமாகச் செல்வதால் இடைவெளி அதை இரண்டாக்காது. வெற்றுச் சரத்தை நேரடியாக 'ஆர்எம்ட்ரீ'யிடம் கொடுத்தால் அப்படி ஒன்று இல்லை என்று பிழை வரும். ஆனால் அதே வெற்றுச் சரத்தை 'பாத்லிப்' வழியாகக் கொடுத்தால் 'நான் இப்போது நிற்கும் அடைவு' என்று அது பொருள்கொள்ளும். இரண்டு பாதைகளை இணைக்கும் செயற்கூற்றில், இரண்டாவது பாதை மூலத்திலிருந்து தொடங்குவதாக இருந்தால் முதற்பாதை முற்றிலும் கைவிடப்படும். தற்காலிக அடைவுக்குள் அழிக்கிறோம் என்று நினைத்திருப்போம். அழிப்பது வேறோர் இடமாக இருக்கும்.

2017 ஜனவரி 31ஆம் நாள் கிட்லேப் நிறுவனத்தில் நடந்தது மனித இயல்பை இன்னும் தெளிவாகக் காட்டும். அங்கே இரண்டு தரவுதளக் கணினிகள் இருந்தன. ஒன்று முதன்மை, மற்றது துணை. துணைக் கணினியின் அடைவைக் காலி செய்வதாக எண்ணிக்கொண்டு, களைத்திருந்த ஒரு பொறியாளர் முதன்மைக் கணினியில் கட்டளையிட்டார். ஓரிரு நொடிகளில் உணர்ந்து நிறுத்தினார். அதற்குள் ஏறத்தாழ 300 ஜிகாபைட் அளவிலிருந்த தரவில் 4.5 ஜிகாபைட் அளவே எஞ்சியிருந்தது. நகலெடுக்கும் வழிகள் ஐந்து வைத்திருந்தார்கள். தேவைப்பட்டபோது அவற்றில் எதுவும் ஒழுங்காகக் கைகொடுக்கவில்லை. அன்றாட நகல் தோற்றுக்கொண்டிருந்தது. தோல்வியை அறிவிக்கும் மின்னஞ்சல்களும் போய்ச்சேரவில்லை. 6 மணி நேரத்துக்கு முன் வேறொரு தேவைக்காகத் தற்செயலாக எடுத்த ஒரு படியிலிருந்து மீண்டார்கள். நடந்த அனைத்தையும் அந்நிறுவனம் மறைக்காமல் வெளியிட்டது. பழியை ஒருவர் தலையில் கட்டாமல் முறைமையின்மீது வைத்துப் பேசியது.

இந்நிகழ்ச்சிகளில் ஒருவரும் தீய எண்ணத்தோடு அழிக்கவில்லை. கணினிகளும் பழுதடையவில்லை, சொன்னதைச் சொன்னபடி செய்தன. பெயருக்கும் பொருளுக்கும் இடையே இருந்த இடைவெளியில்தான் விபத்து நேர்ந்தது. சொன்ன பெயர் ஒன்று. மனத்தில் இருந்த பொருள் வேறொன்று.

விதியின்படி அழித்தல்

தவறுதலாக அழிப்பதை விடவும் ஆழ்ந்து யோசிக்க வேண்டியது, விதியின்படி சரியாகவே அழிப்பது. இன்று எழுதப்படும் பெரும்பாலான அழிப்பு நிரல்கள் இவ்வகையின. '90 நாளுக்கு மேற்பட்ட கோப்புகளை அழி', 'இந்த விகுதியில் முடியும் கோப்புகளை அழி' என்று ஒரு விதி. அதை நாள்தோறும் நள்ளிரவில் நிறைவேற்றும் ஒரு நிரல். விதிக்குக் கோப்பின் வயது தெரியும், அளவு தெரியும், பெயர் தெரியும். உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்பது தெரியாது.

உ.வே. சாமிநாதையரின் 'என் சரித்திரம்' படித்தவர்களுக்கு இங்கே ஓரிடம் நினைவுக்கு வரும். பாண்டிய மன்னர் ஒருவரின் ஏட்டுச் சுவடிகளைத் தேடிக் கரிவலம்வந்தநல்லூருக்குப் போகிறார் ஐயர். பழுதுபட்ட ஏடுகளை நெய்யில் தோய்த்து ஓமத்தில் இட வேண்டும் என்பது சாத்திரம், அதன்படி செய்துவிட்டார்கள் என்ற விடை அவருக்குக் கிடைக்கிறது. அழித்தவர்கள் பக்தியோடுதான் அழித்தார்கள், முறைப்படிதான் அழித்தார்கள். ஏட்டைப் பிரித்துப் பார்க்கச் சொல்லும் வரி அந்த விதியில் இல்லை, அவ்வளவே.

நம் காலத்துக்கும் உதாரணம் உண்டு. 1990களின் நடுவில் தோன்றிய ஜியோசிட்டீஸ், சாதாரண மக்கள் இலவசமாக வலைப்பக்கம் அமைத்துக்கொள்ள இடம் தந்தது. தமிழில் வலைப்பக்கம் எழுதத் தொடங்கிய முதல் தலைமுறையினர் சிலரும் அங்கே குடியிருந்தனர். 1999இல் யாஹூ நிறுவனம் அதை வாங்கியது. 2009 அக்டோபர் 26 அன்று மூடிவிட்டது. முன்னறிவிப்புத் தரப்பட்டது, விதிமீறல் எதுவும் இல்லை. ஆனால் முன்னறிவிப்பைப் படிக்க உயிரோடு இல்லாதவர்கள், கடவுச்சொல்லை மறந்தவர்கள், எழுதியதையே மறந்தவர்கள் பலர் இருந்திருப்பார்கள். ஜேசன் ஸ்காட் முன்னின்ற 'ஆர்க்கைவ் டீம்' என்ற தன்னார்வலர் குழுவும், 1996 முதல் இயங்கிவரும் இன்டர்நெட் ஆர்க்கைவும் இயன்றவரை படியெடுத்தன. எஞ்சியவை அந்தப் படிகளில்தான் எஞ்சின. ஏட்டுக் காலத்திலும் இதுவே நிலை. மூல ஏட்டின் வலிமையால் நின்ற நூல்கள் குறைவு. படியெடுத்தவர்களால் நின்றவையே மிகுதி.

அழியாமையின் துன்பம்

இதற்கு மறுபக்கம் இல்லாமல் இல்லை. அழிய வேண்டியது அழியாமல் இருப்பதும் துன்பமே. ஆக்லாந்து பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பீட்டர் குட்மன் 1996இல் எழுதிய கட்டுரையில், காந்த வட்டிலிருந்து தரவை மீட்க முடியாதபடி 35 முறை மேலெழுதும் ஒரு முறையை முன்வைத்தார். பின்வந்த வட்டுகளுக்கு அத்தனை முறை தேவையில்லை என்று அவரே தெளிவுபடுத்தினார். இன்றைய திண்மநிலை வட்டுகளில் நிலை மாறியுள்ளது. பெயர் நீக்கப்பட்டதும் 'இந்தக் கட்டங்கள் இனி வேண்டாம்' என்று இயங்குதளம் வட்டுக்கே சொல்லிவிடுகிறது. வட்டு அவற்றைத் துடைத்துவிடுகிறது. நார்ட்டன் காலத்து மீட்பு இங்கே பெரும்பாலும் பலிப்பதில்லை.

2014 மே 13 அன்று ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் கூகுள் தொடர்பான வழக்கொன்றில் தீர்ப்பளித்தது. ஸ்பெயின் நாட்டவர் ஒருவர், 1998இல் ஒரு நாளிதழில் வந்த தம் கடன் தொடர்பான ஏல அறிவிப்பு, தம் பெயரைத் தேடும்போதெல்லாம் மேலே வருவதை எதிர்த்திருந்தார். அத்தகைய முடிவுகளைத் தேடுபொறி நீக்க வேண்டி வரும் என்றது நீதிமன்றம். நாளிதழின் பக்கமோ அப்படியே இருக்கலாம். பெயருக்கும் பக்கத்துக்கும் இடையிலான இணைப்பு மட்டும் அறுக்கப்படும். 'மறக்கப்படும் உரிமை' என்று உலகம் அழைத்த இது, நுட்பமாகப் பார்த்தால் 1971இன் அன்லிங்க்தான்.

ஆக, அழித்தலே குற்றம் என்பது இக்கட்டுரையின் வாதம் அன்று. அழிக்காமல் எந்த முறைமையும் இயங்காது; மறக்காமல் எந்த மனமும் இயங்காது. அழிப்பவர் பார்த்துவிட்டு அழிக்க வேண்டும் என்பதே வேண்டுகோள். நிரல் எழுதும் மாணவர்களுக்கு அனுபவமிக்கவர்கள் சொல்லும் அறிவுரைகள் எளியவை. அழிக்கும் வரியை எழுதுமுன், அழியப்போகும் பெயர்களை அச்சிட்டுக் காட்டும் வரியை எழுது. ஒருமுறை அதை மட்டும் ஓடவிட்டுப் படித்துப் பார். பாதை வெறுமையா, மூல அடைவா, எதிர்பார்த்த இடத்துக்கு உள்ளேதான் இருக்கிறதா என்று முழுப் பாதையாக விரித்துச் சோதி. உடனே அழிக்காமல், தேதியிட்ட வேறோர் அடைவுக்கு நகர்த்தி, சில வாரம் கழித்து அழி. பிழைகளை விழுங்கிவிடும் வசதி 'ஆர்எம்ட்ரீ'யில் உண்டு. காரணமின்றி அதைப் பயன்படுத்தாதே. நகல் இருக்கிறது என்று நம்பாதே. நகலிலிருந்து ஒரு கோப்பையாவது மீட்டுப் பார்.

இவை யாவும் சேர்ந்து, திரையிலிருந்து காணாமற்போன அந்தக் குப்பைக்கூடையை நிரலுக்குள் மறுபடி கட்டுவதே ஆகும். பத்துப் பன்னிரண்டு வரிகளுக்கு மேல் பிடிக்காத வேலை. அவற்றுள் முதன்மையானது, அழியப்போகும் பெயர்களை வரிசையாகத் திரையில் காட்டும் அந்த ஒரு வரி. அது ஓடி முடிந்ததும் ஒருவர் அமர்ந்து அந்தப் பட்டியலைப் படிக்க வேண்டும். அந்த வேலையை எந்த நிரலும் அவருக்காகச் செய்யாது.